போனில் ஒரு இரைச்சல்

கணினியில் லினக்ஸில் கம்பைலர் என்ற மென்பொருளை நிறுவ ஒரே ஒரு கோப்பு பாக்கி. போன் லைன் வழியே வரும் டயல்-அப் இணையத்தில் அது முக்கால்வாசி இறங்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்துவிடும். தொலைபேசி இலாகாவைச் சந்தேகப்பட்டேன். மாடி வீட்டுக்காரரையும் விடவில்லை. இறங்கித் தொலைத்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

அன்றும் அறுந்தது. எரிச்சலோடு கூடத்துக்கு வந்தால், அதே லைனில் இருந்த இன்னொரு போனை அம்மா காதில் வைத்திருந்தாள்.

"போன் கேடுடா. எடுத்தா ஒரே இரைச்சல். யாரோ ஒட்டுக் கேக்கறா. அதான் அடிக்கடி எடுத்துப் பாக்கறேன்" என்றாள்.

அந்த இரைச்சல், கணினியை போன் லைனோடு இணைக்கும் என் மோடம் போட்டது. அவள் எடுத்ததால்தான் இணைப்பே அறுந்தது.

"இப்போ நின்னுடுத்து பாரு. இது நிக்கணும்னுதான் பழவங்காடிக்குத் தேங்கா நேந்துண்டேன்."

இத்தனை நாளும் பிள்ளையார் அவள் பக்கம்தான் இருந்திருக்கிறார்.