மருதாயி நிறுத்திய இரத்தம்

ஓவேலிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாரை அட்டை கடித்தாலும் மருதாயி வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கி வைத்து அழுத்திப் பிடிப்பாள். சற்று நேரத்தில் இரத்தம் நின்றுவிடும். கொழுந்து பறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் உண்டு, இதில் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அவள் புருஷன் வீரையாவுக்குக் கோடையில் நெஞ்சுவலி வந்து, கோயம்புத்தூரில் இதயத்து இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைத்தார்கள். தினமும் இரண்டு மாத்திரை, எதையும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவற்றை எடுத்துக் கையில் கொடுப்பது மருதாயியின் வேலை. மழை தொடங்கியதும் மனுஷன் தோட்டத்துக்குப் போனார், அட்டை கடித்தது. மருதாயி எவ்வளவு அழுத்தியும் இரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு மானம் போயிற்று. அதைவிட, ஆள் இப்படியே வற்றிப்போய்விடுவாரோ என்று பயம்.

முன்பெல்லாம் நின்ற இரத்தம், மாத்திரை வந்தபிறகுதானே நிற்கவில்லை? யாரிடமும் சொல்லாமல் ஒரு மாத்திரையைக் குறைத்தாள். அடுத்த முறை கடித்தபோது பழையபடி நின்றது. அன்றைக்கு அவள் நடையே தனி.

ஒரு மாதம் ஆவதற்குள் வீரையா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூடலூரில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் மறுபடியும் கோயம்புத்தூர் கொண்டுபோனார்கள். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உயிர் தப்பியது, இதயத்தில் ஒரு பகுதி போனது போனதுதான்.

மாத்திரை ஏதும் விட்டுப்போனதா என்று டாக்டர் கேட்டார். மருதாயி மறைக்கவில்லை.

"மாத்திரைனாலதாங்க ஐயா ரத்தம் நிக்கல. நான்தான் ஒண்ணக் கொறச்சேன்."

அவள் கண்டுபிடித்தது சரிதான் என்றார் டாக்டர். காலில் காயம் பட்டால் இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டி அடைக்கும். குழாய்க்குள் படிந்த கொழுப்பு வெடித்த இடமும், உள்ளே வைத்த கம்பியும்கூட அவற்றுக்குக் காயம்தான். அங்கேயும் போய் ஒட்டும். ஒட்டியதும் வெள்ளையணுக்களைக் கூப்பிடும். அவை வந்து சேர்ந்து குழாய்ச் சுவரைப் புண்ணாக்கி, இன்னும் தட்டணுக்களை இழுக்கும். இப்படி ஒன்றையொன்று தூண்டிவிட்டே அடைப்பை வளர்த்துவிடும். தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைத்திருப்பது அந்த மாத்திரைதான். கால் வேறு, நெஞ்சு வேறு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

டாக்டர் போனபின் மருதாயி கட்டிலருகே நின்றாள். வீரையா கண்ணைத் திறந்தார்.

"ஒரு மாத்திர கொறையுதுன்னு எனக்கு மொத நாளே தெரியும் புள்ள," என்றார். "நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இதைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.