யசோதரா அம்மா கையெழுத்துப் போடாத வரி

செய்தி வந்தபோது எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒன்று, இடப்பக்கம் ஓட்டுநர் இறங்கிப்போய் டீ குடித்துக்கொண்டிருக்கும் இன்னொன்று. போனில் பேசியவர் யசோதரா அம்மாவின் மகள். "சார், அம்மா பூட்டாங்க சார். காலைல ஆறு மணி இருக்கும். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றார். "இதோ வந்துடறேம்மா" என்றேன். வர முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஓர் அடி நகரவில்லை. அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. காரைவிட்டு இறங்கி, எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு டிரெய்லர் ஓட்டுநரோடு சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா சார், வூட்ல எதனா பிரச்சனையா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் அலுவலகத்து இரங்கல் கூட்டத்தில் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. தெரிந்த பாதிப் பேரும் அவரைச் 'சல்லடை அம்மா' என்று மட்டுமே அறிந்தவர்கள். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் வேலை, கடலடி மண்ணை வரைபடமாக்குவது. படகில் போவோம். குறித்த இடத்தில், கிராப் என்று நாங்கள் சொல்லும் இரும்பு வாயைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அது அடியில் மோதி, மூடி, ஒரு கவளம் மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அதைப் பையில் போட்டு எண் எழுதிக் கொண்டுவருவோம். அதோடு எங்கள் வீரம் முடிந்தது. மீதி எல்லாம் கீழ்த்தளத்தில் பின்பக்க அறையில் யசோதரா அம்மா செய்தார். உப்புப் போகக் கழுவி, ஓவனில் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் உலுக்கி, எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்கியது என்று நிறுத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'சலித்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த எண்களை வைத்துத்தான் இங்கே மணல், அங்கே வண்டல், அதற்கப்பால் களி என்று நாங்கள் வரைபடத்தில் வண்ணம் தீட்டுவோம்.

புளியந்தோப்பு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து வந்தவர் அவர். தட்டுக் கழுவுகிற தற்காலிக வேலையில் சேர்ந்து, நிரந்தரமாகி, அறைக்கே பொறுப்பானவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். என்னைச் 'சார்' என்றும் 'நீ' என்றும் ஒரே மூச்சில் அழைப்பார். இரண்டிலும் மரியாதைக் குறைவு இருந்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பந்துமுனைப் பேனாவில் எண் எழுதிய பன்னிரண்டு பைகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உப்புத் தண்ணீரில் எழுத்தெல்லாம் கரைந்து நீலக் கறையாகியிருந்தது. ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். "இது இன்னா சார், எல்லாப் பையும் நீலக் கலர் பூசிக்கினு வந்துகீது? எந்தப் புள்ள எந்த வூட்டுதுன்னு நான் எப்டி கண்டுபுடிக்கறது? பென்சில்ல எழுதி, சீட்டை உள்ள ஒண்ணு போடு, வெளிய ஒண்ணு கட்டு" என்றார். முனைவர் பட்டம் வாங்கிய சூடு அப்போது எனக்கு ஆறவில்லை. முகம் சிவந்துவிட்டது. அடுத்த முறை பென்சிலில்தான் எழுதினேன்.

சந்தேகமான மண் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு இடையில் வைத்துக் கடிப்பார். "நறநறன்னா வண்டல். வெண்ணெயா வழுக்குச்சுன்னா களி" என்பார். மண்ணியல் படித்த எல்லோரும் வகுப்பில் கேட்டிருக்கும் விஷயம்தான் அது. எண்ணூர் முகத்துவாரத்து மண்ணை வாயில் வைக்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. "கலீஜா இருக்கும்மா, வேணாம்" என்று நான் தடுப்பேன். "நான் இன்னா முழுங்கவா போறேன்?" என்று கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவார்.

ஒரு பெருமழையில் அலுவலகக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. பேருந்து இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். அதற்குள் அவர் புளியந்தோப்பிலிருந்து நடந்தே வந்து, அத்தனை பைகளையும் மேசைமேலும் அலமாரி மேலும் ஏற்றியிருந்தார். சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. "உங்க வீட்ல தண்ணி வரலையா?" என்று கேட்டேன். "வராம? கட்டில் வரிக்கும் கீது. வூட்டு சாமான் போனா வேற வாங்கிக்கலாம் சார். இது பூட்ச்சுன்னா மறுபடி கடலுக்குப் போவணும். நீ போனா வாந்தி எடுப்ப" என்றார். கடலோர ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது அந்த அலுவலகத்தின் நிரந்தர வேடிக்கை. வந்து சேர்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த இரங்கல் கூட்டத்திலும் சொல்லக்கூடியது. இனி சொல்லப்போவதைத்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டு வருடம் முன்பு, காத்திவாக்கத்திலிருந்து ஏழுமலை என்பவரின் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு வெளியே மண்ணெடுக்கப் போனோம். ஏழுமலை அந்தப் பக்கத்து மீனவர், என் வயதுக்காரர். நாற்பத்தாறாவது இடம்வரை சிக்கலில்லை, நல்ல மணல் வந்தது. நாற்பத்தேழில் இரும்பு வாய் காலியாக வந்தது. மறுபடி இறக்கினோம், காலி. மூன்றாவது முறையும் காலி. காற்று ஏறிவிட்டது. நான் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கரைக்குப் போனால் போதும் என்றிருந்தது. நாற்பத்தாறாம் பையிலிருந்த மணலில் பாதியை இன்னொரு பையில் கொட்டி, 47 என்று எழுதிக் கட்டினேன். ஏழுமலை பார்த்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

பத்து நாள் கழித்து யசோதரா அம்மா இரண்டு கண்ணாடித் தட்டுகளோடு என் மேசைக்கு வந்தார். "சார், இதுவும் இதுவும் ஒரே மண்ணு."

"பக்கத்துப் பக்கத்து இடம்மா. ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஒரே மாதிரி இல்ல, ஒரே மண்ணு. சல்லடைக்கு சல்லடை அதே எடை. நொறுங்கின கிளிஞ்சல்கூட அதே செவப்பு. ரெட்டைப் புள்ளைங்ககூட இம்மாம் ஒத்துமையா பொறக்காது. இன்னா ஆச்சு அங்க?"

அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க வேலை சலிக்கிறது. சலிச்சாச்சுன்னா எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றேன், சத்தமாக.

அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலே யாரிடமும் புகார் செய்யவில்லை. பதிவேட்டில் நாற்பத்தேழாம் வரியில் எண்ணை மட்டும் எழுதி, மீதிக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டார். கையெழுத்தும் இல்லை. நான் நாற்பத்தாறின் எடைகளை எடுத்து, அங்கே இங்கே ஒரு கிராம் கூட்டிக் குறைத்து, நானே கணினியில் ஏற்றினேன். வரைபடம் அச்சாகி வந்தது. நாற்பத்தேழாம் இடம் அழகான மஞ்சள் நிறத்தில், மணலாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு முறை படகு போகும்போதும் வாசலில் நின்று கேட்பார். "சார், நாப்பத்தேழு இன்னாச்சு?" குத்தலாக அல்ல, கடைக்குப் போகிறவரிடம் மறக்காமல் உப்பு வாங்கிவரச் சொல்வது போலத்தான் கேட்பார். "அடுத்த தடவைம்மா" என்பேன். ஒருநாள் காற்று, ஒருநாள் டீசல், ஒருநாள் வேறு திட்டம். முதலில் சோம்பலாக இருந்தது, பிறகு பயமாகிவிட்டது. திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று கேட்பார்களே.

அவர் நோயில் விழுந்தபின் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டே போனேன். அவர் கேட்கவில்லை. ஓவன் கதவைச் சரிசெய்தார்களா என்று மட்டும் கேட்டார். வெளியே வந்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு மனுஷி சாகக் கிடக்கிறார், எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி அவரை அடக்கம் செய்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, இப்போது சல்லடை அறையைப் பார்க்கும் நண்பர் அருகில் வந்தார். "சார், அந்தப் பழைய பதிவேட்டுல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. வெள்ளிக்கிழமை கோப்பு போகணும். அம்மா இனிமே வந்து போட முடியாது, நீங்களே நிரப்பிடுங்களேன்" என்றார்.

அந்தக் கோப்பு என்னவென்று சொல்ல வேண்டும். கப்பல் வரும் கால்வாயில் தூர்வாரும் சேற்றைக் கடலில் கொட்ட ஓர் இடம் தேவைப்படுகிறது. பாறையும் மீன் கூடும் இடமும் இல்லாத வெறும் மணல்தரையாகப் பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் கேட்டிருந்தார்கள். வரைபடத்தைப் பார்த்து அலுவலகம் தேர்ந்த இடத்தின் நட்டநடுவில் இருப்பது நாற்பத்தேழு. கேட்டவர்கள்மீது தவறில்லை. அவர்கள் எங்கள் மஞ்சள் நிறத்தை நம்பினார்கள். ஒப்புதல் கையெழுத்து நான் போட வேண்டும்.

மறுநாள் காலையில் காத்திவாக்கத்துக்குப் போனேன். ஏழுமலை வலை தைத்துக்கொண்டிருந்தார். இரும்பு வாயைப் படகில் ஏற்றினோம். அதே இடம், பதினைந்து பாகம் ஆழம், ஒன்பது மாடி உயரத்துக்குக் கயிறு போகும். இறக்கினேன், காலி. வாந்தி எடுத்தேன். மறுபடி இறக்கினேன், காலி. மூன்றாவது முறை இரும்பின் உதட்டில் புதிதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. நான்காவது முறைக்குக் கயிற்றைப் பிடித்தபோது ஏழுமலை என் கையைப் பிடித்தார்.

"எதுக்கு சார் பேஜாரு? அடியில பார் கீது. பாறை. மண்ணு எப்டி வரும்?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? எங்க நைனா காலத்துலேருந்து தூண்டி போடற எடம். சங்கரா, வஞ்சிரம் எல்லாம் இங்கதான் நிக்கும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஏழுமலை."

"சொன்னா நீ மேப்புல போடுவ. மறுநாளு பத்து படகு வந்து நிக்கும். நீயே மண்ணுன்னு எழுதிக்கினு போன. எங்களுக்கு நல்லதாப் பூட்ச்சுன்னு வுட்டுட்டேன்."

சேறு கொட்டப்போகும் விஷயத்தைச் சொன்னேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பிறகு, "பத்து படகு வந்தா வந்துட்டுப் போவட்டும் சார். நீ பாறைன்னே எழுதிக்கோ" என்றார்.

அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். முகத்தில் உப்பு காய்ந்து இழுத்தது. அந்தப் பக்கம் முழுவதும் அவருடைய நெருக்கமான எழுத்து, வரிக்கு வரி கையெழுத்து. நடுவில் ஒன்று மட்டும் காலி. நிரப்புவதற்குக் குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே எழுத என்ன இருக்கிறது? அந்த இடத்தில் சலிக்க மண்ணே கிடையாது. எந்தச் சல்லடையிலும் எதுவும் தங்காது. எட்டு வருடமாக நான் குறை என்று நினைத்துப் பயந்த அந்தக் காலி வரி சரியான பதிவு. கடலுக்கே போகாத யசோதரா அம்மா சரியாக எழுதியிருந்தார், போய்வந்த நான் பொய்யாக எழுதியிருந்தேன்.

அந்தக் கட்டங்களைத் தொடவில்லை. ஓரத்தில், "மூன்று முறை இறக்கியும் காலி. பாறை. முன்பு 47 என்று கொடுத்தது 46-இன் மண். கொடுத்தவன் நான்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். நகல் எடுத்து, ஒப்புதல் தர முடியாது என்ற குறிப்போடு இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் நல்லவர். "உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. இப்போதைக்கு என்கிட்டயே இருக்கட்டும், கூட்டமெல்லாம் முடியட்டும், நிதானமா பேசுவோம்" என்றார். நிதானமாக இருந்தே எட்டு வருடம் போயிற்று. அதனால்தான் இதை உங்கள் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கிறேன். இனி இதை அவரும் மடித்து வைக்க முடியாது, நானும் முடியாது. என்மீது என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை. வரட்டும்.

யசோதரா அம்மா, அன்று நாலு பேர் முன்னால் உங்களிடம் சத்தம் போட்டேன். இன்று நாற்பது பேர் முன்னால் சொல்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி, அது ஒரே மண். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் காதில் விழாத இடத்தில் நின்று இப்போது சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள் அம்மா. போய் வாருங்கள்.