காப்புக் கயிற்று மண்

குமுதாவுக்குத் தூசு என்றால் ஆகாது. அவள் பிழைப்பே தூசுதான் என்பது வேறு விஷயம். எங்கெங்கோ அணு நிலையங்களில் சுவரையும் மேசையையும் துடைத்தெடுத்த பருத்தித் துணிகள் அவள் ஆய்வகத்துக்கு உறையில் வரும். கண்ணுக்கே தெரியாத துகள்களை அதில் தேடிப் பிடித்து, யுரேனியம் இருந்தால் அதில் லேசான அணு எத்தனை, கனமான அணு எத்தனை என்று அளக்க வேண்டும். ஆயிரத்தில் ஏழு லேசானது என்றால் பூமியில் கிடந்த மண். அதற்கு மேல் போனால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட அறைக்குள் பொட்டு, பவுடர், வளையல், கயிறு எதுவும் கூடாது. அந்த விதியைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டியவளே இவள்தான்.

ஆறு வருடம் ஒப்பந்தத்தில் இழுத்தடித்த வேலை இந்த வருடம் நிரந்தரமானது. அதற்கு நேர்ந்துகொண்டது ஒரு பால்குடம். கோயில் ரவாங் ஊரில், பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையை ஒட்டி இருந்தது. அந்தக் கரை மணலில் கையூன்றி உட்கார்ந்து காப்புக் கட்டிக்கொண்டாள். பத்து நாள் கழற்றக் கூடாது. அம்மனுக்கும் பயம், விதிக்கும் பயம். மஞ்சள் கயிற்றை மேலே ஏற்றிவிட்டு அதன்மேல் அங்கியை மாட்டிக்கொண்டாள் அந்தச் சாமர்த்தியசாலி.

நான்காம் நாள், வெற்றுத் துணியில் யுரேனியத் துகள்கள் தென்பட்டன. எதையும் துடைக்காமல், அறையின் சுத்தத்தைச் சோதிக்கவென்றே வைக்கும் துணி அது. அதில் துகள் என்றால் அந்த மாத வேலை மொத்தமும் வீண். ஆய்வகத் தலைவர் திருச்செல்வம் அவளைக் கூப்பிட்டார்.

"குமுதா, யாரு உள்ள என்ன கொண்டு வந்தா?"

காப்பு நினைவுக்கு வராமல் இல்லை. வாயில் வந்தது வேறு.

"புஷ்பவல்லி அக்கா நெத்தி நெறைய திருநீறு பூசிட்டு வராங்க டாக்டர். டிரஸ் மாத்துற ரூம அவங்கதான் கூட்டுறாங்க."

கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து ஒன்பது வருடமாகக் கூட்டிய மனுஷி. மறுநாளே துப்புரவுக் குத்தகை நிறுவனம் அவளைப் பந்திங் ஊர்ச் சந்தைக்கு, பாசாருக்கு, மாற்றிவிட்டது. அவள் கிளம்பிய அன்று குமுதா மின்தூக்கியில் அவளுக்கு முகம் கொடுக்காமல் நின்றாள்.

ஏழாம் நாள் அளவைக் கருவி பேசியது. ஆயிரத்துக்கு ஏழு. துகளோடு தோரியமும் எக்கச்சக்கம். சுரங்கத்தில் வெள்ளீயம் கழுவிய பிறகு மிஞ்சும் கறுப்பு மணல்.

"அந்தம்மா ரவாங் பக்கமா?" என்றார் திருச்செல்வம்.

"தெரியல டாக்டர்."

தெரியும், அவள் கிள்ளான்காரி என்று. மாலையில் வீட்டில் கயிற்றை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தாள். நாலைந்து கறுப்பு மணிகள் மினுங்கின. அதே காப்போடுதான் பத்தாம் நாள் பால்குடமும் எடுத்தாள். எல்லாரும் அரோகரா என்றபோது அவளுக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பந்திங்குக்குப் போனாள். தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, காதும் காதும் வைத்த மாதிரி திரும்பிவிடுவது திட்டம். புஷ்பவல்லி மீன்கடைத் தரையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தத் தூசு உங்களுது இல்ல. என்னோட..."

"காப்புதானே? கை கழுவுறப்பவே பாத்துட்டேன் தங்கச்சி."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அவுக்கச் சொல்லுவாங்க லா. சாமி காரியம், பாதியில நிக்கலாமா? அத விடு. பால்குடம் நல்லபடியா எடுத்தியா?"

அப்போதுதான் குமுதா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"திருநீறு எங்கக்கா?"

"வேலைக்கு வரப்ப பூசறதில்ல. இங்கயும் எதாச்சும் கெட்டுப்போச்சுனா? எதுக்கு வம்பு."

மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே குமுதாவுக்கு வெட்கமாக இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே, அவள் காதுபட அழைத்தாள்.

"டாக்டர், குமுதா பேசறேன். வெற்றுத் துணியில இருந்தது என் கைக் காப்புல வந்த மண்ணு. எனக்கு அன்னைக்கே தெரியும். புஷ்பவல்லி அக்கா பேர நான்தான் கெடுத்தேன்."

புஷ்பவல்லி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.