சுவர் தாண்டிப் போன ஸ்பீக்கர்

"ஏலே முருகா... நூல் லோடு வந்துருச்சா இல்லையா?"

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுப் புளூடூத் ஸ்பீக்கர் திடீரென்று இப்படி அதட்டியது. எங்கள் வீட்டில் முருகன் என்று யாருமே கிடையாது!

விஷயம் இதுதான். நாலு வயது மகள் யாழினிக்கு ஆன்லைனில் கதை வகுப்பு. மதுரையிலிருந்து நடத்தும் மிஸ், "பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறா. எதுக்கும் காதைக் காட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போனது. நான்தான் கவனிக்காமல் விட்டேனா? வயிற்றில் இருந்தபோதே தறிச் சத்தம் பாதித்துவிட்டதா?

தறி என்றதும்தான் உறைத்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. பழகிப்போனதால் எங்களுக்கு அது சத்தமே இல்லை; கரண்ட் போய்த் தறி நின்றால்தான் 'என்னமோ மாதிரி இருக்கே' என்போம். லேப்டாப்போ, நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அதன் முனகல் தறியைத் தாண்டிக் குழந்தைக்கு எட்டியிருக்குமா? அதனால்தான் திரும்பவில்லையா... இல்லை, காதேதானா?

பீரோ மேலிருந்த ஸ்பீக்கரை இறக்கினேன். லேப்டாப்பில் இப்போது லினக்ஸ். புளூடூத் பட்டியலில் ஸ்பீக்கர் பெயர் இருக்கிறது; தொட்டால் சுற்றுகிறது, சுற்றுகிறது... 'இணைக்க முடியவில்லை'. நெட்டில் தேடி, கறுப்புத் திரையில் ஏதேதோ கட்டளைகள் அடித்தேன். எதையாவது கெடுத்துவிட்டேனோ என்று அடித்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த அதட்டல்.

குரல் அடையாளம் தெரிந்தது. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் கணவர்! மகள் வளைகாப்புக்குப் பாட்டுப் போட அக்கா இந்த ஸ்பீக்கரை இரவல் வாங்கியிருந்தார். எங்கள் தெருவில் இதெல்லாம் அண்டா, குண்டா இரவல் மாதிரி. பொருள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அக்காவின் போன் இன்னும் அதை விடவில்லை.

ஓடினேன். "அக்கா, போன்ல புளூடூத்த ஆஃப் பண்ணுங்க!"

"அடி ஆத்தி! அவுக என் போன்லருந்து எங்க மகன் முருகனுக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜு ஒங்க வீட்லயா பேசுச்சு? சத்தமே வரலைன்னு நான் போனப் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கேன்!"

திரும்பி வந்து தொட்டதும் இணைந்தது. அப்படியும் ஸ்பீக்கரில் சத்தமில்லை. ஒலி அமைப்பில் வெளியீடு லேப்டாப்பிலேயே நின்றிருந்தது. அதை ஸ்பீக்கருக்கு மாற்றினேன். மைக்கை மட்டும் லேப்டாப்பிலேயே விட்டேன். (ஸ்பீக்கர் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. நீங்களும் கவனியுங்கள்.)

"யாழினி..." என்றார் மிஸ்.

வெடுக்கென்று திரும்பினாள். "மிஸ்ஸு!" என்று ஒரு கத்தல். தறியையே தோற்கடிக்கும் கத்தல்.

நான் அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். இருந்தாலும் மனசு கேட்குமா? திங்கட்கிழமை டாக்டரிடமும் காட்டினேன். "காது ரெண்டும் அருமையா இருக்கும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து, பொம்மையோடு உட்கார்ந்திருந்தவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். விளையாட்டு மும்முரத்தில் திரும்பவே இல்லை.

அப்பாடா... நிம்மதியாக இருந்தது!