இரண்டு கண் தோட்டா

காத்தவராயன் ஐடாவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அப்படி ஒரு கடன் இருப்பது ஐடாவுக்கே தெரியாது. தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், ஊரிகம் கடைத்தெருவுக்குப் போகிறவர் ஐடா குடியிருக்கும் சுரங்கக் குடியிருப்பு லைன் பக்கம் தலைகாட்டாமல், தண்டவாளத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போவார்.

வழியில் குழாய் அடைத்துக்கொண்டு யாராவது குச்சியால் குத்திக்கொண்டிருந்தால் மட்டும் அவருக்குக் கால் நகராது. ஆளை விலக்கிவிட்டுக் குனிவார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் உள்ளே பார்ப்பார். "மொதல்ல பாரு. அப்பறம் குத்து." வீட்டிலும் இதே சட்டம்தான். பம்பு ஸ்டவ்வுக்கு ஊசி குத்துவதானாலும் அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே மனைவி பார்வதம்மா குத்த வேண்டும். "இத்தினியூண்டு ஓட்டைக்கு இத்தினி பந்தாவா!" என்பாள் அவள்.

பந்தா இல்லை, பிழைப்பு. முப்பது வருஷம் சுரங்கத்தில் பிளாஸ்டர். பாறையில் துளை போட்டு, டைனமைட் வைத்து வெடிக்கிற வேலை. வெடிக்காத மருந்து பழைய துளையின் அடியில் தங்கியிருக்கும். அது தெரியாமல் கம்பி விட்டவன் கேஜ் லிஃப்டில் நின்றுகொண்டு மேலே வரமாட்டான், சாக்கில் வருவான். திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, காதைச் சாய்த்து, வெடிக்கிற ஒவ்வொரு வேட்டுச் சத்தத்தையும் வாய்விட்டு எண்ணுவார். வைத்த கணக்கும் வெடித்த கணக்கும் ஒத்துப்போனால்தான் உள்ளே ஆள் போகலாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்தான். ஆனால் சீமையில் படித்துவிட்டு வந்த இன்ஜினியரும் இவர் கையசைக்காமல் அந்த லெவலில் காலெடுத்து வைத்ததில்லை. "என் கணக்குல ஒருத்தன் சுண்டுவெரலும் போனதில்ல. கேட்டுப் பாரு" என்று மார் தட்டுவார். கேட்டுப் பார்த்தவர்களும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள்.

சுரங்கத்தின் ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிய காலத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிக் கிளப்புக்குப் போக ஆரம்பித்தார். அங்கே காகிதத்தில் வட்டம் போட்டுச் சுடுவார்கள். தோட்டா விலை கட்டுப்படியாகாது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை மறுபடி தோட்டாவாக்க அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் ஃபிட்டர் சூசைராஜ். அதற்கென்று ஒரு கைப்பிரஸ் வைத்திருந்தார். பிடியை இழுத்தால் ஒரு ஊசி கூட்டுக்குள் இறங்கி, அடித்துளை வழியாக, எரிந்துபோன பொட்டுக் கேப்பை வெளியே தள்ளிவிடும். பிறகு புதுக் கேப், மருந்து, ரவை. சூசைராஜ் மார்புச் சளியில் போய்ச் சேர்ந்ததும், கல்லறைக்கு ஒரு கல் சிலுவை வைக்க வேண்டுமென்று அவர் மனைவி ஐடா பிரஸ்ஸை விற்க வந்தாள். தொள்ளாயிரம் சொன்னாள்.

"எனக்குக் குடும்மா. மருந்தும் நானும் ஒண்ணா வளர்ந்தவங்க" என்று வாங்கிக்கொண்டார் காத்தவராயன்.

முதலில் எந்தத் தோட்டாவில் கை பழகுவது என்று கிளப்பில் பேச்சு வந்தது. எந்திரத் தொழிற்சாலையில் டர்னராக இருக்கும் வாசு சொன்னான்: "தர்ட்டி நாட் சிக்ஸ் எட்த்துக்குங்க மாமா. கிளப்புல அதான் நெறைய கீது. எல்லாம் ஒத்தக் கண்ணு."

அது என்ன கண் என்று கேட்டிருக்கலாம். பிளாஸ்டர் கேட்பாரா? பழைய வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன தகர டப்பாவைக் கவிழ்த்தார். நடுவிரல் பருமனில், இடுப்பில் பட்டை கட்டினாற்போல ஒரு கூடு உருண்டது. யானைத் தோட்டா. "இது வேணும் எனக்கு. எலி அடிக்கவா நான் முப்பது வருஷம் டைனமைட் வெச்சேன்?" எல்லாரும் சிரித்தார்கள். வாசு ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவரிடம் எதற்கு என்று மூடிக்கொண்டான்.

வீட்டில் அந்தக் கூட்டைப் பிரஸ்ஸில் பொருத்திப் பிடியை இழுத்தார். ஊசி பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினார். சுரங்கத்தில் இறுகிய போல்ட்டுக்குச் செய்வதுபோல, பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி உடம்பையே சாய்த்தார். ஊசி ஒடிந்தது. அதோடு பிரஸ்ஸின் இரும்பு வார்ப்பும் வாய் பிளந்தது.

மறு ஞாயிறு பிரஸ்ஸைச் சாக்கில் போட்டு கிளப்புக்குத் தூக்கிப் போனார். ஐடாவையும் வரவழைத்தார். "உளுத்த வார்ப்பும்மா இது. ஒம் புருஷன் இத்த வெச்சிகினுதான் வேல செஞ்சாரா?"

ஐடா விரிசலைத் தடவிப் பார்த்தாள். "அவரு அப்பிடி வெச்சிக்கமாட்டாருண்ணா... ஆனா நீங்க சொன்னா சரி." கைப்பையிலிருந்து சிலுவைப் பணத்தை எடுத்து அப்படியே திருப்பிக் கொடுத்தாள். இவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கூட்டை எறியப்போனவர், பழக்கதோஷத்தில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். நடுவில் ஊசி இறங்க வேண்டிய இடத்தில் துளையே இல்லை; கெட்டிப் பித்தளை. அதன் இரு பக்கமும் கடுகளவில் இரண்டு துளைகள். இரண்டு கண்கள்போல அவரையே பார்த்தன.

"இன்னாய்யா அப்பிடியே நின்னுகினே? உள்ள பாம்பு கீதா?" என்றாள் பார்வதம்மா.

அவர் கூட்டை எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் தண்டவாளத்தைச் சுற்றிப் போகிற வழக்கம் தொடங்கியது. கிளப்பில் ஒரு ஸ்டாண்டு ஆடினாலும் "சூசைராஜ் வேலதானே?" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். குழாயடியில் "மொதல்ல பாரு" என்று சொல்கிறபோது மட்டும் குரல் பழையபடி எழும்பாது.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் பார்வதம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டே சொன்னாள். "அந்த ஐடா எங்கைய புட்ச்சிகினு அழுவுது. உங்க வூட்டுக்காரர ஏமாத்திட்டேன்க்கா, செத்தவரு பேரயும் கெட்த்துட்டேன்னு. கல்லறைல இன்னும் மரச் சிலுவதானாம். பாவம்யா."

குடத்தடியில் ஓடிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார் காத்தவராயன். பிறகு சட்டையை மாட்டினார். பணம், டார்ச், அந்தக் கூடு. இந்தத் தடவை சுற்றிப் போகவில்லை.

"உள்ள பாரும்மா. இன்னா தெரியுது?"

"ரெண்டு ஓட்டண்ணா."

"ஒண்ணு இருந்தாத்தான் ஊசி எறங்கும். நான் பாக்கல. பாக்காமயே குத்தினேன். ஒடச்சது நானு. வார்ப்பு நல்ல வார்ப்பு."

ஐடா ரொம்ப நேரம் டார்ச்சை அணைக்கவில்லை. அவர் நீட்டிய பணத்தையும் தொடவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவர உளுத்த வேலன்னு இங்கியா சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் இருந்தது. ஐடா வாசற்படியோடு நின்றாள். காத்தவராயன் கூட்டை வாசுவிடம் கொடுத்து, உரக்கச் சொன்னார். முப்பது வருஷம் ஊரையே பார்க்கச் சொன்னவன் பார்க்கவில்லை என்றார். சூசைராஜ் வேலையில் குற்றம் இல்லை என்றார். வாசு கூட்டுக்குள் பார்த்துவிட்டு, "ரெட்டக் கண்ணு... நீங்க போயி பாக்காம வுட்டீங்களா மாமா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்போல இருந்தது அவருக்கு.

ஐடா வாசற்படியிலிருந்து வந்து கையை விரித்தாள்.

ஒவ்வொரு நூறு ரூபாய் நோட்டாக அந்தக் கையில் வைத்து, வாய்விட்டு எண்ணினார். ஒன்பது வந்தது. கணக்கு தீர்ந்த பிறகும் நிமிராமல், காதைச் சாய்த்து, இன்னும் ஏதோ வெடிக்க வேண்டியிருப்பதுபோல அப்படியே நின்றார்.