நான்காம் பிரிவும் ரதியின் பின்னேர நித்திரையும்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கத்தில் மூன்று வக்கீல் அலுவலகங்களும் ஒரு பல் வைத்தியரின் இடமும் காலை ஒன்பது மணிக்குப் பளிச்சென்று இருக்கும். அப்படி வைத்திருப்பவள் ரதி என்று அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் வருமுன் கூட்டித் துடைத்து முடித்து, பிறகு ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமைத்து வைத்து, ஒரு மணிக்குப் பஸ் பிடித்து நகரின் மறுபக்கம் ஒரேத்தோவில் இருக்கும் தன் வீட்டுக்கு வருவாள். இரண்டு மணிக்குப் படுப்பாள். ஐம்பத்துநான்கு வயதில், விடிய மூன்று மணிக்கே எழும்புகிற ஒருத்திக்கு அந்தப் பின்னேரம்தான் இரவு.

அவளுடைய அந்த இரவில்தான் ஊர்க் கனவான்கள் துப்பாக்கி சுடப் பழகினார்கள். வீட்டுக்குப் பின்னால் இருநூறு மீற்றரில் 2007இல் ஒரு சுடுதளம் திறந்தது. இரண்டரை மணிக்கு முதல் வெடி கேட்கும். அலுமாரிக்குள் தேத்தண்ணிக் கோப்பைகள் கிலுங்கும். கணவன் பத்மநாதன் அதற்குள்ளும் குறட்டை விடுவார். கொடுத்துவைத்த மனிதர். ரதி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அதே நகரில் கபோப் பகுதியில் இருக்கும் அவளுடைய தமையன் றஞ்சித்துக்கு இது பெரிய பகிடி. வன்னியில் செல்லடிக்குள் வளர்ந்தவளுக்கு இதுவும் ஒரு சத்தமோ என்று கேட்பார். ஒருநாள் ரதிக்குப் பொறுக்கவில்லை.

"அங்கை நித்திரை இல்லை அண்ணை. இஞ்சை நித்திரை கொள்ளத்தானே வந்தனாங்கள்."

அந்தக் கோபத்தோடு அவள் படியேறி இறங்கத் தொடங்கினாள். அயலில் இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டினாள். இத்தாலியர், வங்காளிகள், கானாக்காரர், நம்மவர்கள் என்று நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மாநகரசபை ஆட்கள் கருவி கொண்டுவந்து சத்தத்தை அளந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன் உத்தரவு வந்தது: பகல் ஒரு மணிக்குப் பிறகு சுடக் கூடாது. முதல் நாள் ரதி ஐந்தரை வரை தூங்கினாள். எழும்பியபோது தன் முகம் தனக்கே புதிதாக இருந்தது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னாள்.

அந்த நித்திரைக்குத்தான் சென்ற வருடம் ஆபத்து வந்தது. சிசிலியின் சட்டசபையில் ஒரு சட்டமூலம். சுடுதளங்களைக் காப்பாற்ற வேண்டுமாம். அதன் நான்காம் பிரிவு சொன்னது இதுதான்: சுடுதளம் திறந்த பிறகு குடிவந்தவர்கள் அதன் சத்தத்தைப் பற்றி முறையிட முடியாது, ஏற்கெனவே போட்ட தடைகளும் நீங்கும். தளம் திறக்குமுன்பே, ரதியின் அயலில் என்றால் 2007க்கு முன்பே, அங்கே இருந்த ஒருவராவது முறையிட்டால் மட்டும் தடை நிற்கும்.

கையெழுத்து வைத்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் அப்படி இருந்தது ரதியின் குடும்பம் ஒன்றுதான். சத்தம் தொடங்கியதும் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வீடு மாறிப் போயிருந்தார்கள். அவர்கள் 2004இலேயே வந்துவிட்டார்கள். ஆனால் கடதாசி வேறு கதை சொன்னது. ஒரேத்தோ வீட்டுக்காரன் அந்த நாளில் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை. அதனால் எல்லோரையும் போல அவர்களும் தங்கள் பதிவு முகவரியை றஞ்சித்தின் வீட்டிலேயே விட்டிருந்தார்கள். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற நேரத்தில் முகவரியை மாற்றினால் தாமதமாகும் என்ற பயம் வேறு. இரண்டு அறை கொண்ட அந்தக் கபோ வீட்டில், அரசாங்கக் கணக்குப்படி, ஒரு காலத்தில் பதினான்கு பேர் வசித்தார்கள். ரதி ஒரேத்தோவுக்கு வந்தது 2011இல்தான் என்று பதிவு சொன்னது.

சட்டசபைக் குழு பொதுமக்களைக் கேட்கும் நாள் ஒன்று குறித்தது. ரதி பேர் கொடுத்தாள். றஞ்சித் ஓடிவந்தார். ரதியின் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியாமல் அரசாங்கத்திடம் கிடக்கிறது, பிழையான முகவரி கொடுத்தேன் என்று அதிகாரிகளுக்கு முன்னால் தானே போய்ச் சொல்லுவதா என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பயம் பொய்ப் பயமில்லை. ரதிக்கும் அது தெரியும். இருந்தும் பேரைத் திரும்ப வாங்கவில்லை. ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அத்தாட்சி வேண்டும். வாடகைத் துண்டு இல்லை, மின்சார பில் வீட்டுக்காரனின் பேரில். மூன்று நாள் வீட்டைப் புரட்டினாள்.

நாலாம் நாள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, மகள் சாம்பவி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு ஞாபகம் வந்தது. 2006, யூலை ஒன்பது, ஞாயிறு. நல்ல நாள் என்று ஐயர் குறித்துத் தந்தது. உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியும் அன்றைக்குத்தான் என்பதை ஐயரும் பார்க்கவில்லை, வீட்டிலும் ஒருவரும் பார்க்கவில்லை. இத்தாலி இறுதிக்கு வந்ததும் மண்டபக்காரன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். இந்த நாளில் விழா வைக்கிறவர்களுக்குப் புத்தி சரியில்லை என்றும் சொன்னான். இருநூறு பேருக்குச் சொல்லியாயிற்று. வேறு வழியில்லாமல் ஒரேத்தோ வீட்டின் மொட்டைமாடியில் பந்தல் போட்டார்கள். வந்த ஆண்கள் பெட்டையைப் பார்க்காமல் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியைத் தேடி இறங்கியதால், அதையே மேலே தூக்கிவந்து மணவறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வீடியோக்காரர் விமலராஜும் கமராவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அதற்காக ரதி அவரோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை.

இப்போது அவளே அவரைக் கூப்பிட்டாள். விமலராஜ் ஒன்றையும் எறிகிறவர் அல்ல. நாலு மணி நேர வீடியோவையும் தந்தார்.

சாம்பவிக்கு முப்பத்திரண்டு வயது, நோட்டரி ஒருவரிடம் வேலை. விஷயம் கேட்டதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, என்ர சாமத்தியச் சடங்கை அரசியல்வாதியளுக்குப் போட்டுக் காட்டப் போறியளோ?"

"உன்னைக் காட்டேல்லை பிள்ளை. உனக்குப் பின்னாலை நிக்கிற தேசிமரங்களைத்தான் காட்டப்போறன்."

மகள் கோபத்தோடு எழும்பிப் போய்விட்டாள். அடுத்த நாள் தானே கணினியில் உட்கார்ந்து, தன் முகம் வராத மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்துக் கொடுத்தாள்.

விசாரணை நாளில் ரதி கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தாள். குழுவில் பதினொரு பேர். சுடுதளத் தலைவர் கோட்டுப் போட்ட கண்ணியமான மனிதர். தாங்கள் முதலில் வந்தவர்கள், இவர்கள் பிறகு வந்தவர்கள் என்று பதிவுப் புத்தகத்தைக் காட்டிப் பேசி உட்கார்ந்தார். குழுத்தலைவி ரதியைப் பார்த்து, பதிவில் 2011 என்று இருக்கிறதே என்றார். ரதி பதினைந்து தடவை வீட்டில் சொல்லிப் பார்த்த இத்தாலிய வசனத்தைச் சொன்னாள்.

"கடதாசியில் நான் கபோவில் இருந்தேன், சின்யோரா. நித்திரை கொண்டது ஒரேத்தோவில்."

பிறகு சாம்பவி வீடியோவைப் போட்டாள்.

திரையில் மாலை வெயில். பந்தல், வாழை மரம், பட்டுச் சேலை உடுத்த பெண்கள். ரதி முப்பத்தாறு வயதில், தலை நிறையப் பூவோடு, யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளுக்குப் பின்னால், இன்றைக்குச் சுடுதளம் நிற்கிற இடம் முழுக்கத் தேசிமரங்கள், ஒரே எலுமிச்சைத் தோட்டம். எதிர் மாடிகள் எல்லாவற்றிலும் இத்தாலியக் கொடி. கமரா மெல்லத் திரும்பித் தொலைக்காட்சிக்குப் போனது. பேர்லின் மைதானம், நீலச் சட்டைகள் வரிசையில் நிற்க, தேசிய கீதம் தொடங்கியது. பந்தலுக்குள் பிள்ளைகள் முதலில் எழும்பினார்கள், பார்த்துப் பெரியவர்களும் எழும்பினார்கள். இருநூறு தமிழர் பட்டும் வேட்டியுமாக, மார்பில் கைவைத்து நின்றார்கள்.

குழுவில் தாடி வைத்த ஒருவர் தன்னையறியாமல் எழும்பிவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் எழும்பினார். கீதம் முடிவதற்குள் பதினொரு பேரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சுடுதளத் தலைவரும் நின்றார். இத்தாலி கிண்ணத்தை வென்ற அந்த நாள் எந்த நாள் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்ததும் தாடிக்காரர் பேசினார். பிழையான முகவரிக்குத் தண்டனை கொடுப்பதென்றால் பலெர்மோவில் படிக்கும் தன் ஊர்ப் பிள்ளைகளிலிருந்து தொடங்க வேண்டும், அவர்களுடைய பதிவெல்லாம் இன்னும் தாய் வீட்டில்தான் என்றார். அடுத்தவர் கேட்டார்: இந்த ஒரு வீட்டில் பதிவு ஏழு வருடம் பிழை, அப்படியென்றால் மற்றச் சுடுதளங்களைச் சுற்றி இருக்கிறவர்களை எதை வைத்து வாய் பொத்தச் சொல்லுவது? வாக்கெடுத்தார்கள். நான்காம் பிரிவை நீக்க ஏழு பேர், வைத்திருக்க நாலு பேர். ஒரேத்தோவுக்கு மட்டுமல்ல, சிசிலி முழுக்கச் சத்தத்தைப் பற்றி முறையிடும் உரிமை நிலைத்தது. குழுத்தலைவி குறிப்பெழுதுகிறவரிடம், இந்தச் சின்யோரா 2004 முதல் அங்கே வசிக்கிறார் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ரதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வெளியே படிக்கட்டில் றஞ்சித் நின்றார். பயத்தில் உள்ளே வராதவர், தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

செய்தி ரதிக்கு முன்னால் ஒரேத்தோவுக்குப் போய்விட்டது. கீழ்வீட்டுக் கானாக்காரி கேக் கொண்டுவந்தாள். விமலராஜ் கமராவோடு வந்தார். கோயில் தலைவர் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டரை மணிக்கு வாசலில் முப்பது பேர் நின்றார்கள். பத்மநாதன் கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ படுத்திட்டா," என்றார். "எல்லாரும் ஆறு மணிக்கு வாங்கோ."