அஞ்சு மணி மிஸ்டு கால்

பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம்... பத்தாம் வகுப்பில் யாருக்கும் மனசு போர்டில் இல்லை.

கணக்கு மிஸ் ஒரு தாளோடு நின்றார். கன்னடக்காரர்தான், ஆனால் எங்கள் தொம்மலூர்ப் பிள்ளைகளோடு பேசிப் பேசித் தமிழும் உருதும் வந்துவிட்டது அவருக்கு.

"வீட்ல தமிழ் பேசறவங்க கை தூக்குங்க."

பாதி வகுப்பு தூக்கியது. அப்புறம் தெலுங்கு, உருது. வாட்ச்மேன் மகன் ஒருத்தன் மட்டும் நேபாளி. கடைசியில் கன்னடம் என்றபோது எழுந்தது நாலைந்து கைகள்தான். அதில் ஒன்று ரேணுகாவுடையது. ராய்ச்சூர் பக்கத்துப் பெண். எங்கள் தெருவுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டில் அவள் அப்பா அம்மாவுக்குக் கட்டட வேலை. அங்கேயே தகரக் கொட்டகையில் குடித்தனம்.

இந்த மொழிக் கணக்கு மேலிடத்துக்குப் போவது. மிஸ் கையில் இன்னொரு தாளும் இருந்தது. அரையாண்டில் யார் எதில் பெயில் என்று... நான் கன்னடம், ரேணுகா கணக்கு. தெருவில் கன்னடத்தில் சண்டையே போடுவேன். எழுதச் சொன்னால்தான் எல்லாம் தப்பும் தவறுமாக வரும்.

எங்கள் அரசுப் பள்ளியில் ஒரு வழக்கம். எஸ்.எஸ்.எல்.சி. நெருங்கினால் ஒவ்வொரு டீச்சரும் நாலைந்து டல் பிள்ளைகளைத் தத்து எடுத்துக்கொள்வார்கள். விடிகாலை அஞ்சு மணிக்கு மிஸ்டு கால் வரும். பிள்ளை எழுந்து இரண்டு ரிங் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் படிக்க உட்கார்ந்தாச்சு என்று அர்த்தம்.

ரேணுகாவிடம் போன் கிடையாது. கொட்டகையில் விளக்கும் கிடையாது, வேலை தொடங்கும்போதுதான் கரண்ட் வரும். அதனால் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கால் வந்ததும் அவளப் போய்க் கூட்டிட்டு வா. உங்க வீட்ல உக்காந்து படிங்க. ஏப்ரல்ல அந்த பில்டிங் முடிஞ்சிடும், அவங்க கெளம்பிடுவாங்க. இப்ப பாஸ் ஆகலன்னா அவ திரும்பப் படிக்கவே மாட்டா."

பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பட்டன் போன், அம்மாவுடையது. அம்மாவுக்கு வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாக மிஸ்ஸிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் நான் கண் விழித்தபோது ஏழு மணி. போனைக் காணோம்.

சாயங்காலம் அம்மா சொன்னாள்... "நல்லா தூங்கினு இருந்த கண்ணு, எழுப்ப மனசு வரல. பஸ்ல போவ சொல்ல மிஸ் அடிச்சாங்க. நானே ரெண்டு ரிங்கு குட்த்துட்டேன்."

எனக்குக் கொண்டாட்டம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்...

"மிஸ் கால் பண்ணலையா?" என்று ரேணுகா கேட்டாள். "இல்லடி" என்றேன். வாய் கூசவில்லை அப்போது.

பத்து நாள் ஓடியது. ஒரு நாள் அம்மா பதற்றத்தில் கட் பண்ணுவதற்குப் பதில் பச்சைப் பட்டனை அழுத்திவிட்டாள்.

"மகளு எல்லம்மா?" என்று மிஸ் கன்னடத்தில் கேட்டிருக்கிறார், மகள் எங்கே என்று.

"இதோ பக்கத்துலதான் மிஸ், படிக்கிறா..."

பின்னாலிருந்து, இறங்கச் சொல்லும் கண்டக்டர் குரல்: "மாரத்தள்ளி! மாரத்தள்ளி! இளிரி, இளிரி!"

மறுநாள் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வகுப்பு வாசலில் நின்றாள். மிஸ் திட்டவே இல்லை. ரேணுகாவைக் கூப்பிட்டு, தினமும் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

"நாலரைக்கு மிஸ். மூஞ்சி கழுவிட்டு பையோட மணல் மேல உக்காந்திருப்பேன். இவ கூப்பிட வருவான்னு."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலமே அம்மா கொட்டகைக்குப் போய், "தப்பு என்னுதும்மா" என்று ரேணுகாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் போன் வீட்டை விட்டு நகரவில்லை. ரேணுகாவும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவளே வந்து கதவைத் தட்டுவாள், தெரு நாயெல்லாம் எழுந்துவிடும். இரண்டு டம்ளரில் டீ ஊற்றி மூடி வைத்துவிட்டுத்தான் அம்மா பஸ் பிடிப்பாள். ரேணுகா எனக்குக் கன்னடக் கூட்டெழுத்து, அந்த ஒத்தக்ஷரம், திருத்துவாள், நான் அவளுக்கு இருபடிச் சமன்பாடு. இரண்டு பேரும் பாஸ். அவளுக்குக் கணக்கில் என்னைவிட ஒரு மார்க் அதிகம்... அதற்காக மூன்று நாள் நான் பேசவில்லை!

கட்டடம் முடிந்தது, அவர்கள் போனார்கள். ரேணுகா நிற்காமல் படித்தாள். இப்போது ராய்ச்சூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளும் அஞ்சு பிள்ளைகளைத் தத்து எடுத்திருக்கிறாள்.

எனக்கு வைட்ஃபீல்டில் ஆபீஸ். உட்கார்ந்தே உடம்பு போட்டுவிட்டது. "ஆறாவதா உன்னையும் எழுப்பறேன், வாக்கிங் போ" என்று ஜனவரியில் மிரட்டினாள். கால் எல்லாம் ஃப்ரீ ஆன காலத்திலும் அதே இரண்டு ரிங். ஒரு வாரம் எழுந்தேன். அப்புறம் ரிங் வரவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று பேசும்போது சொல்கிறாள்: "ஒரு நாள் தவறாம திருப்பிக் குடுக்கறது நீ ஒருத்திதான்டி. என் பிள்ளைங்ககிட்ட உன்னைத்தான் சொல்றேன்."

கால் லிஸ்ட்டைப் பார்த்தேன். தினமும் அஞ்சு மணிக்கு ரேணுகாவுக்கு ஒரு கால் போயிருக்கிறது. என் போன் லாக் நம்பர் நான் பிறந்த வருஷம். அது தெரிந்த இன்னொரு ஆள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வேல செஞ்சிட்டு அலுத்துப்போயி வர. பாவம், தூங்கட்டும்னுதான்..."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்று நாலரைக்கே எழுந்து முகம் கழுவி, ஹாலில் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

அஞ்சு மணிக்கு ரிங் வந்தது. அம்மா கை நீட்டுவதற்குள் எடுத்துக்கொண்டேன். திருப்பி அடித்தேன், இரண்டு ரிங்கோடு நிறுத்தவில்லை. அவள் எடுக்கும்வரை அடிக்க விட்டேன்.

"என்னடி ஆச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல ரேணு... எழுந்துட்டேன்" என்றேன்.